யோகா வகுப்பும் தேர்வு அட்டவணையும்

2016 கோடையில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் தன் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில் பணிபுரியும் 12,459 பேருக்கு ஓர் அழைப்பு அனுப்பியது. 'ஐத்ரைவ்' என்ற நலவாழ்வுத் திட்டத்தின் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டது. 4,834 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் 3,300 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து திட்டத்துக்குள் அனுமதித்தார்கள். மீதி 1,534 பேரை வெளியே நிறுத்தினார்கள். உள்ளே வந்தவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, எடை எல்லாம் பார்த்தார்கள். உடல்நலம் பற்றி நீண்ட கேள்வித்தாள் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். பிறகு எடைக் குறைப்பு, புகைப்பழக்கத்தை விடுதல், மன அழுத்த நிர்வாகம், உடற்பயிற்சி என்று வகுப்புகள். வந்தால் பணப் பரிசும் உண்டு.

இந்தச் சோதனையை வடிவமைத்தவர்கள் டேமன் ஜோன்ஸ், டேவிட் மோலிட்டர், ஜூலியன் ரீஃப் என்ற மூன்று பொருளியலாளர்கள். 2019இல் 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். மருத்துவச் செலவு குறையவில்லை. விடுப்பு எடுப்பது குறையவில்லை. வளாகத்து உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவோர் கூடவில்லை. முதல் ஆண்டில் சுமார் நாற்பது அளவைகளை வைத்துப் பார்த்ததில் இரண்டில் மட்டும் மாற்றம் தெரிந்தது. வாழ்நாளில் ஒரு தடவையாவது உடல் பரிசோதனை செய்துகொண்டவர்கள் கூடியிருந்தார்கள். திட்டமே பரிசோதனையில்தான் தொடங்குகிறது என்பதால் இதில் வியக்க ஒன்றுமில்லை. மற்றது, 'நிர்வாகம் எங்கள் நலத்துக்கு முன்னுரிமை தருகிறது' என்று நம்புவோர் கூடியிருந்தார்கள்.

இந்த இரண்டாவது விளைவில் கொஞ்சம் நின்றுதான் போகவேண்டும். உடம்பு அப்படியே இருக்கிறது. நிர்வாகத்தின் பெயர் மட்டும் நல்லதாகியிருக்கிறது. உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் ஏன் இத்தகைய திட்டங்களை விடாமல் நடத்துகின்றன என்ற கேள்விக்கு, ஆய்வாளர்கள் தேடாமலே கிடைத்த விடை இதுவாக இருக்கலாம்.

வளாக நலவாழ்வு என்ற பெரிய முயற்சியை இந்த ஒரு சோதனையை வைத்துத் தூக்கி எறிந்துவிட முடியுமா? முடியாது. ஆனால் எதை எறிவது, எதை வைத்துக்கொள்வது என்று பிரிக்க இதைவிட நல்ல தொடக்கப்புள்ளி இல்லை. காரணம், அந்தச் சோதனையின் முடிவு மட்டுமல்ல; முந்தைய முடிவுகள் எப்படித் தவறிப்போயின என்பதையும் அது சேர்த்தே காட்டியது.

2010இல் ஹார்வர்டைச் சேர்ந்த கேத்தரின் பைக்கர், டேவிட் கட்லர், ஸிருய் சாங் மூவரும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து, நலவாழ்வுத் திட்டத்தில் ஒரு டாலர் போட்டால் மருத்துவச் செலவில் 3.27 டாலர் மிச்சமாகிறது என்று கணக்கிட்டார்கள். அந்த எண் நிர்வாகிகளின் வாயில் மந்திரமாயிற்று. இல்லினாய் குழு என்ன செய்தது என்றால், தன்னிடம் இருந்த அதே தரவை எடுத்துக்கொண்டு, குலுக்கலை மறந்துவிட்டு, பழைய ஆய்வுகள் செய்ததைப் போலவே கணக்குப் போட்டது: திட்டத்தில் பங்கெடுத்தவர் ஒரு பக்கம், எடுக்காதவர் மறுபக்கம். உடனே பழைய இனிப்பான விடை வந்து நின்றது. பங்கெடுத்தவர்களின் மருத்துவச் செலவு குறைவு. அவர்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அதிகம் போகிறார்கள். ஊரில் நடக்கும் இல்லினாய் மாரத்தானிலும் அதிகம் ஓடுகிறார்கள். குலுக்கலைத் திரும்பக் கொண்டுவந்து, அனுமதி பெற்ற 3,300 பேரையும் பெறாத 1,534 பேரையும் ஒப்பிட்டால் அத்தனையும் மறைந்துவிடுகிறது. மாரத்தான் ஓடுகிறவர் திட்டத்துக்கு வந்தார்; திட்டத்துக்கு வந்ததால் யாரும் மாரத்தான் ஓடவில்லை. கோயிலுக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஊரில் பக்தி பெருகிவிட்டது என்று சொல்வதைப் போன்ற கணக்கு அது.

ஒரே ஆண்டில் உடம்பு மாறிவிடுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2020இல் அதே குழு இரண்டாண்டு முடிவை வெளியிட்டது. ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. தனக்கென்று ஒரு குடும்ப மருத்துவரை வைத்துக்கொண்டோர் கூடியிருந்தார்கள், தங்கள் உடல்நலத்தைப் பற்றிய அவர்களின் எண்ணமும் சற்று மேம்பட்டிருந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்ததை எல்லா இடத்துக்கும் பொருத்தலாமா என்றால், அதற்கும் பதில் இருக்கிறது. 2019இல் பி.ஜே.'ஸ் என்ற மொத்த விற்பனைக் கடைக் குழுமத்தின் 160 கிளைகளில், ஏறத்தாழ 33,000 ஊழியர்களிடையே இதே மாதிரி நடந்த சோதனையின் முடிவு வெளிவந்தது. பதினெட்டு மாதம் கழித்து, 'உடற்பயிற்சி செய்கிறேன், எடையில் கவனமாக இருக்கிறேன்' என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். மருத்துவ அளவுகள், செலவு, விடுப்பு மூன்றும் நகரவில்லை. இந்தச் சோதனையை நடத்தியவர்கள் யாரென்றால், அந்த 3.27 டாலரைச் சொன்ன மூவரில் இருவர்: சாங்கும் பைக்கரும். தாங்கள் முன்பு சொன்னதையே கடுமையான சோதனைக்கு உட்படுத்தி, கிடைத்ததை மறைக்காமல் வெளியிட்ட நேர்மையை இங்கே குறித்துவைக்க வேண்டும். பல்கலைக்கழக நிர்வாகங்களிடம் அந்த நேர்மையை அவ்வளவாகக் காணமுடியவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஊழியர்களைப் பற்றியது. மாணவர் விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு ஒரு வலுவான சான்று உண்டு. அதைத் தவிர்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜூலியேட்டா கலான்டேயும் சக ஆய்வாளர்களும் 616 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு எட்டு வார மனவிழிப்புப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ்). மறு பாதிக்கு வழக்கமான ஆலோசனை வசதி மட்டும். தேர்வுக் காலத்தில் அளந்தபோது, பயிற்சி பெறாதவர்களில் 57 விழுக்காட்டினர் மனவேதனைக்கான எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் 37 விழுக்காட்டினர். 2018இல் 'லான்செட்' குழும இதழ் ஒன்றில் இது வந்தது. சிறிய வித்தியாசமில்லை. விளம்பரத்தாள் ஒட்டிச் சாதித்ததும் இல்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர், ஒழுங்கான பாடம், எட்டு வாரத் தொடர்ச்சி எல்லாம் இருந்தன.

ஆனாலும் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. இதில் சேர்ந்தவர்கள் அனைவரும் தாமாக விரும்பி வந்தவர்கள். அதே வகைப் பயிற்சியை விருப்பம் கேளாமல் எல்லோருக்கும் பாடமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை பிரிட்டன் பள்ளிகளில் 'மிரியட்' என்ற சோதனை பார்த்தது: எண்பத்தைந்து பள்ளிகள், எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். 2022இல் வந்த முடிவு, வழக்கமான பாடத்தைவிட இது மேல் என்று காட்டவில்லை. அவர்கள் வயதில் சிறியவர்கள், பல்கலைக்கழக மாணவர்களோடு நேராக ஒப்பிட முடியாது என்பது சரி. இருந்தாலும் தேடி வருபவருக்கு உதவுவதை எல்லோர் தலையிலும் கட்டினால் பலன் கரைந்துவிடுகிறது என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது.

இரண்டாவது உறுத்தல் இன்னும் அடிப்படையானது. பயிற்சி பெறாத மாணவரில் பாதிக்கு மேற்பட்டோர் தேர்வுக் காலத்தில் வேதனையின் எல்லையைத் தாண்டுகிறார்கள் என்றால், முதலில் பார்க்கவேண்டியது மாணவரின் மூச்சையா, தேர்வு முறையையா? மூச்சுப் பயிற்சி தவறென்று சொல்லவில்லை. தேர்வு அட்டவணையைத் தயாரிக்கும் அலுவலகத்துக்கு அந்த 57 என்ற எண் போய்ச் சேர்ந்திருக்க வேண்டாமா என்றுதான் கேட்கிறேன்.

விரும்பி வராதவர்களை வலுக்கட்டாயமாக இழுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு பென் மாநிலப் பல்கலைக்கழகம் உதாரணம். 2013இல் அது ஊழியர்களுக்கு ஒரு விதி கொண்டுவந்தது: இணையத்தில் உடல்நலக் கேள்வித்தாளை நிரப்பி, உடல் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும், தவறினால் மாதம் 100 டாலர் அபராதம். கேள்விகளைப் பார்த்த ஊழியர்கள் கொதித்துப்போனார்கள். பெண்களிடம் கருத்தரிக்கும் எண்ணம் உண்டா என்று கேட்டிருந்தது. மணமுறிவு, மேலதிகாரியோடு தகராறு பற்றியும் கேள்விகள். வேலை கொடுக்கும் இடமே இதையெல்லாம் ஏன் கேட்கிறது என்று பேராசிரியர்கள் கிளர்ந்தெழ, செப்டம்பரிலேயே அபராதம் நிறுத்திவைக்கப்பட்டது. நலத்தின் பெயரால் வேவு பார்ப்பதாகச் சந்தேகம் வந்துவிட்டால், பிறகு உண்மையான உதவிக்கும் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இதற்கு மேல் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

எனவே எதையும் எடைபோட எனக்கு ஓர் உரைகல் வேண்டியிருந்தது. எவரும் பெயர் கொடுக்காமலே அவருக்கு நன்மை போய்ச் சேருகிறதா என்பதே அது. இல்லினாய் திட்டம் அதில் தேறவில்லை. வேறு சில முயற்சிகள் தேறுகின்றன.

2015 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகம் சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களை விற்பதை நிறுத்தியது. குடிக்கக்கூடாது என்று தடை போடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்து குடிக்கலாம். வளாகத்துக் கடையில், உணவகத்தில், தானியங்கி எந்திரத்தில் கிடைக்காது, அவ்வளவுதான். நாள்தோறும் அதை நிறையக் குடிக்கும் பழக்கமுள்ள 214 ஊழியர்களைப் பத்து மாதம் கவனித்தார்கள். நாளொன்றுக்கு ஒரு லிட்டர் அளவுக்குக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஏறத்தாழ அரை லிட்டருக்கு வந்தார்கள். இடுப்பளவு சராசரியாக 2.1 சென்டிமீட்டர் குறைந்தது. இந்த ஆய்வுக்கும் குறை உண்டு. விற்பனை நிறுத்தம் இல்லாத இன்னொரு வளாகத்தோடு ஒப்பிடவில்லை. குடித்த அளவும் அவரவர் சொன்னதுதான். என் கட்சிக்கு இடைஞ்சலான தகவல் ஒன்றும் அதில் இருக்கிறது. அந்த 214 பேரில் பாதிப் பேருக்குச் சில நிமிட ஆலோசனையும் கொடுத்தார்கள்; அவர்கள் குறைத்த அளவு, விற்பனை நிறுத்தத்தை மட்டும் சந்தித்தவர்கள் குறைத்ததைப் போல மூன்று மடங்கு. ஆக, தனிமனிதரிடம் பேசுவதே வீண் என்று முடிவுகட்ட முடியாது. அறையில் உட்கார்ந்து கேட்ட அறிவுரைக்கு, வெளியே வந்ததும் சுற்றுப்புறம் துணை நின்றிருக்கிறது. அறிவுரை சொல்லிவிட்டு வாசலிலேயே கோலா விற்கும் வளாகத்தில் இதே ஆலோசனை எடுபட்டிருக்குமா என்பது சந்தேகம்.

ஒப்பீட்டு வளாகம் உள்ள ஆய்வு வேண்டுமென்றால் இந்தியானா இருக்கிறது. அமெரிக்காவின் அந்த மாநிலத்தில் இரண்டு பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள். இந்தியானா பல்கலைக்கழகம் 2008இல் வளாகம் முழுவதும் புகைபிடிக்கத் தடை விதித்தது. பர்டூ பல்கலைக்கழகம் அப்போது அப்படிச் செய்யவில்லை. 2007க்கும் 2009க்கும் இடையே இந்தியானாவில் புகைபிடிக்கும் மாணவர் 16.5 விழுக்காட்டிலிருந்து 12.8க்கு இறங்கினார்கள். பர்டூவில் 9.5 என்பது 10.1 ஆயிற்று. தொடக்கத்திலேயே இரு வளாகங்களும் சமமாக இல்லை என்பதையும், உயரத்தில் இருந்த எண் இறங்குவது எளிது என்பதையும் கழித்துத்தான் இதைப் பார்க்கவேண்டும். கழித்த பிறகும் மிச்சம் இருக்கிறது.

சாப்பாட்டு விஷயத்தில் கேம்பிரிட்ஜ் கல்லூரி உணவகங்களில் எம்மா கார்னெட் குழு செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது, அதில் யாரும் யாருக்கும் எதையும் உபதேசிக்கவில்லை என்பதால். நான்கு வகைச் சாப்பாட்டில் ஒன்று சைவம் என்றிருந்ததை இரண்டு சைவம் என்று மாற்றியபோது, சோதனை நடந்த உணவகத்தில் சைவச் சாப்பாட்டு விற்பனை 7.8 விழுக்காட்டுப் புள்ளி கூடியது. மூன்று உணவகங்களிலும் சேர்த்து அவர்கள் பார்த்தது 94,644 சாப்பாடு. சைவமே ஆரோக்கியம் என்று இதற்குப் பொருளில்லை. அவர்களின் அக்கறை சுற்றுச்சூழலைப் பற்றியது. பரிமாறும் மேசையில் எது எத்தனை இருக்கிறது என்பது, சுவரில் ஒட்டிய உணவுக் கூம்பைவிடப் பலமாகப் பேசுகிறது என்பதற்குத்தான் இதை எடுத்தேன்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானதாக நான் கருதுவது செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் நடந்தது. மருத்துவ மாணவர்களிடையே மனச்சோர்வு மிகுந்திருப்பது அங்கும் பழைய கதைதான். ஸ்டூவர்ட் ஸ்லாவின் என்பவர் அப்போது அங்கே பாடத்திட்டத்துக்குப் பொறுப்பான துணைத் தலைவர். அவர் கையில் இருந்தது ஆலோசனை மையம் இல்லை, கால அட்டவணை. அதனால் அதைத் தொட்டார். முதல் இரண்டாண்டுப் பாடங்களுக்குத் தரவரிசை மதிப்பெண்ணை எடுத்துவிட்டு, தேர்ச்சி-தோல்வி மட்டும் என்றாக்கினார்கள். வகுப்பு நேரத்தில் பத்து விழுக்காடு குறைத்தார்கள். மனப்பாடத்துக்கு மட்டும் உதவும் நுணுக்கங்களைப் பாடத்திலிருந்து நீக்கினார்கள். விடுபட்ட நேரத்தில் மாணவர் தாமே தேர்ந்த பாடங்களைப் படிக்கவும், சிறு குழுக்களாகச் சேர்ந்து இயங்கவும் வழி செய்தார்கள். மனச்சோர்வு, பதற்றம், அழுத்தம் மூன்றும் முந்தைய ஆண்டு மாணவர்களோடு ஒப்பிடக் கணிசமாகக் குறைந்தன. தேசிய உரிமத் தேர்வில் மதிப்பெண் சரியவில்லை. ஏற்கனவே வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியும் தேர்ச்சி-தோல்வி முறைக்கு மாறி இதையொத்த பலனைக் கண்டிருந்தது. குலுக்கல் சோதனை இல்லை என்ற குறை இரண்டுக்கும் உண்டு. ஒரே கல்லூரியின் அடுத்தடுத்த வகுப்புகளை ஒப்பிட்டதுதான். ஆனால் இங்கே மாணவர் எவரும் நலவாழ்வுத் திட்டத்தைத் தேடிப் போகவில்லை. பெயர் கொடுக்கவில்லை, பரிசு வாங்கவில்லை. அலுவலகம் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டது; கூடவே மனத்திடப் பயிற்சியையும் எல்லோருக்குமான பாடத்தில் சேர்த்தது.

ஏட்டில் பார்த்தால், இப்படித்தான் செய்யவேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் ஏற்கனவே ஒப்புக்கொண்டிருக்கின்றன. 2015 ஜூனில் கனடாவின் கெலோனா நகரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஒகநாகன் வளாகத்தில் கூடிய மாநாடு ஒரு சாசனம் வெளியிட்டது. நாற்பத்தைந்து நாட்டவர் சேர்ந்து உருவாக்கிய ஒகநாகன் சாசனம் அது. அதன் முதல் அறைகூவலின் கீழ் ஐந்து வழிகள் உள்ளன: வளாகத்தின் எல்லாக் கொள்கைகளிலும் உடல்நலத்தைக் கருதுவது, துணைநிற்கும் சூழலை உருவாக்குவது, சமூகமாகத் தழைக்கச் செய்வது, தனிமனிதத் திறன்களை வளர்ப்பது, சேவைகளைத் திருத்தியமைப்பது. 1986இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய ஒட்டாவா மாநாட்டுச் சாசனத்தின் ஐந்து வழிகளே வளாகத்துக்கு ஏற்றபடி வந்திருக்கின்றன. கவனியுங்கள்: ஐந்தில் ஒன்றே ஒன்றுதான் தனிமனிதனைத் திருத்துவது. நடைமுறையிலோ யோகா, நடைப் போட்டி, செயலி, பட்டறை என்று அந்த ஒன்றே மீதி நான்கையும் விழுங்கிவிடுகிறது.

சாசனத்தின் மேலும் பழி உண்டு. அதன் சொற்கள் அழகானவை, அகலமானவை. எந்தத் துணைவேந்தரும் கை நடுங்காமல் கையெழுத்திடலாம். இத்தனை ஆண்டுக்குள் இதைச் செய்வோம் என்ற இலக்கு இல்லை. செய்யாவிட்டால் யார் கேட்பார் என்பதும் இல்லை. அமெரிக்காவில் முதலாவதாக பர்மிங்காமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகம் 2020இல் அதை ஏற்றது. பிறகு பல வளாகங்கள் தொடர்ந்தன. கையெழுத்திட்ட வளாகத்துக்கும் இடாத வளாகத்துக்கும் வேறுபாடு என்ன என்று கேட்டால் காட்டுவதற்கு ஓர் அளவையைச் சாசனமே வைக்கவில்லை. சிந்தனை சரி, கட்டுப்பாடு இல்லை என்பது அதைப் பற்றிய என் மதிப்பீடு.

நம் ஊருக்கு வருவோம். 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு மாணவர்களின் உடற்தகுதி, விளையாட்டு, பாதுகாப்பு, மனநலம் குறித்து வழிகாட்டுதல்களை வெளியிட்டு, ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் சேவை மையம் வேண்டும் என்றது. அதற்கு முன்பிருந்தே, கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்பின் ஐந்தாவது அளவுகோலில், வாழ்க்கைத் திறன் என்ற தலைப்பின் கீழ் யோகா, உடற்தகுதி, சுகாதாரம் ஆகியவற்றுக்கான நிகழ்ச்சிகளைக் கணக்குக் காட்டவேண்டியிருந்தது. கணக்கு எப்படிக் காட்டப்படுகிறது என்பது கல்லூரியில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். முதல்வர் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வரும்: ஒரு துறைக்கு முப்பது பேர், காலை பத்து மணிக்கு அரங்கில் இருக்கவேண்டும். வருபவர்களுக்கு ஓ.டி. (வகுப்பில் இல்லாவிட்டாலும் வருகைப்பதிவு) உண்டு. மேடையில் பேனர், குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. 'மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி' என்று ஒருமணி நேர உரை. பின்வரிசையில் உட்கார்ந்த பிள்ளைகள் மடியில் ரெக்கார்டு நோட்டை வைத்து மதியம் காட்டவேண்டிய படத்தை வரைந்துகொண்டிருப்பார்கள். ஜியோ-டேக் போட்ட நான்கு படங்கள், வருகைக் கையெழுத்துத் தாள், பின்னூட்டப் படிவம் மூன்றும் அன்று மாலைக்குள் கல்லூரியின் தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி.க்குப் போய்விடும். மடியில் இருந்த அந்த ரெக்கார்டு நோட்டைப் பற்றிக் கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். பள்ளி, கல்லூரி, பயிற்சி மையம் எல்லாம் சேர்ந்த எண் இது. காரணங்களும் ஒன்றல்ல, பல. எண்ணிக்கை அச்சமூட்டியதால்தான் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உயர்கல்வி மாணவர் மனநலத்துக்காக முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைத்தது; ஜூலையில் இன்னொரு வழக்கில் பதினைந்து வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் படிக்கும் நிறுவனத்தில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்கவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. செய்தித்தாள்கள் அதைத் தலைப்பாக்கின. எனக்கு அதே அளவு முக்கியமாகப் படுவது இன்னொன்று: இயன்றவரை, மதிப்பெண்ணை வைத்து மாணவரைப் பிரிவு பிரிவாக ஒதுக்கக்கூடாது, பலர்முன் அவமானப்படுத்தக்கூடாது, சக்திக்கு மீறிய இலக்கு வைக்கக்கூடாது. இது நிறுவனத்தின் நடத்தையைப் பற்றிய கட்டளை. பெயர் கொடுக்காத மாணவரையும் இது சென்றடையும்.

ஆலோசகர் வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும். நோய்ப்பட்டவருக்கு மருத்துவம் என்பது நலவாழ்வுத் திட்டத்தின் கணக்கில் வராது. அது அடிப்படை உரிமை. இல்லினாயின் தோல்வியைக் காட்டி ஆலோசகர் பணியிடத்தைக் காலியாக விடும் நிர்வாகம் ஆய்வைத் தவறாகப் படிக்கிறது. ஆனால் அந்த ஆலோசகரும் வகுப்பெடுக்கும் ஆசிரியரே கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பவராகவோ, அவர் அறை முதல்வர் அறைக்கு எதிரிலோ இருந்தால் யார் கதவைத் தட்டுவார்கள்? இன்டர்னல் மார்க் போடும் கையிடமே மனதைத் திறந்து காட்டு என்பது பென் மாநிலக் கேள்வித்தாளின் உள்ளூர்ப் பதிப்பு.

ஆகவே என் தீர்ப்பு இது. எல்லோருக்கும் பொதுவாக நடத்தப்படும் நலவாழ்வு நிகழ்ச்சிகள் உடல்நலத்தையோ மனநலத்தையோ மேம்படுத்துகின்றன என்று இனியும் சொல்லிக்கொள்ள முடியாது. கடுமையான சோதனைகள் அந்தக் கூற்றைத் தாங்கவில்லை. யோகா பிடித்தவருக்கு யோகா நடக்கட்டும், அதை மகிழ்ச்சிக்கான செலவாக எழுதுங்கள், சாதனையாக எழுதாதீர்கள். தேடி வருபவருக்கு ஒழுங்கான பயிற்சியும் ரகசியம் காக்கும் ஆலோசனையும் பயன் தரும்; அவற்றுக்குப் பணம் ஒதுக்கவேண்டும். வளாகத்தின் விதியையும் அட்டவணையையும் உணவையும் மாற்றுவதற்கான சான்று, குலுக்கல் சோதனையளவு திடமானது என்று நான் வாதிடமாட்டேன். ஆனால் அது வரும் திசை ஒன்றாக இருக்கிறது, வராதவரையும் தொடுகிறது, செலவும் பெரும்பாலும் குறைவு. குறையாத செலவு ஒன்று உண்டு: நிர்வாகம் தன் வசதியைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவேண்டும். ஐந்து பாடத் தேர்வை ஒரே வாரத்தில் முடித்தால் அலுவலகத்துக்கு வேலை சுலபம்; மூன்று வாரத்தில் வைத்தால் மாணவருக்கு மூச்சு விட நேரம். இந்த இழுபறியில் யார் பக்கம் முடிவாகிறது என்பதில்தான் வளாகத்தின் அக்கறை தெரியும்.

கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உடற்பயிற்சிக் கூடத்தையும் யோகா அரங்கையும் சுற்றிக்காட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவரைத் தனியே கூப்பிட்டு நான்கு கேள்வி கேளுங்கள்: ஒரு தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் எத்தனை நாள் இடைவெளி? மெஸ்ஸில் என்ன போடவேண்டும் என்று தீர்மானிப்பதில் மாணவருக்குப் பங்கு உண்டா? அரியர் வைத்தவர் பெயரைப் பலகையில் ஒட்டுகிறார்களா? ஆலோசகரிடம் போய்வந்தால் அந்தச் செய்தி வேறு யார் காதுக்கும் எட்டுமா? பதிலைக் கேட்ட பிறகு கட்டணத்தைக் கட்டுங்கள்.